மெயின்ஃபிரேம் லினக்ஸில் டிஸ்க் பெயர் நழுவாமல் காக்கும் எஸ்390 டூல்ஸ்: ஒரு விமர்சனம்

ஐபிஎம் மெயின்ஃபிரேமில் ஓடும் லினக்ஸை அடுத்த பெரிய பதிப்புக்கு அப்கிரேடு செய்கிறீர்கள். மறுபடி பூட் ஆனதும் நேற்றுவரை டாஸ்ட்-சி என்றிருந்த டிஸ்க் இன்று டாஸ்ட்-பி. தரவு ஒரு பைட்கூட மாறவில்லை, பெயர் மட்டும் இடம் பெயர்ந்திருக்கிறது. ஆனாலும் பூட்டின்போது எந்த டிஸ்கை எங்கே இணைப்பது என்று பட்டியலிடும் எஃப்எஸ்டாப் கோப்பு பழைய பெயரையே தேடுவதால் கணினி, பழுதுபார்க்க மட்டும் திறக்கும் எமர்ஜென்சி மோடில் போய் நின்றுவிடும். இதைத் தடுக்க இப்போது கையில் இருப்பவை இரண்டு: எஸ்390 டூல்ஸ் தொகுப்பில் வரும் சிஎச்-இசட்டெவ் கருவியும், சாதனங்களைக் கண்டறிந்து பெயரிடும் லினக்ஸின் யூடெவ் உருவாக்கித் தரும் நிலையான இணைப்புப் பெயர்களும். டாஸ்டி எனப்படும் மெயின்ஃபிரேமுக்கே உரிய டிஸ்குகளுக்கு இந்த ஜோடியைத் தயங்காமல் பரிந்துரைக்கலாம். ஆனால் யூடெவ் தரும் நான்கு வகைப் பெயர்களில் எதை எடுப்பது என்பதை அது சொல்லித் தராது. அங்கேதான் பலர் சறுக்குகிறார்கள்.

பெயர் ஏன் நழுவுகிறது என்று முதலில் பார்த்துவிடுவோம். பழைய அமைப்புகளில் கெர்னல் வரியில் (பூட்டின்போது கெர்னலுக்குத் தரப்படும் அளவுருக்களில்) “டாஸ்ட்=” என்ற அளவுரு இருக்கும். அதில் 0200-0207 என்று கொடுத்தால் எட்டு சாதன எண்களுக்கும் எட்டு பெயர்கள் வரிசையாக ஒதுக்கப்படும். 0203 என்ற டிஸ்க் இல்லவே இல்லை என்றாலும் டாஸ்ட்-டி அதற்காகக் காலியாகக் காத்திருக்கும், 0204 எப்போதும் டாஸ்ட்-இ தான். புதிய பதிப்புகள் இந்த அளவுருவை நம்புவதில்லை. ஒவ்வொரு டிஸ்க்கும் யூடெவ் விதி வழியாக ஆன்லைன் ஆகிறது, ஆகும் வரிசையிலேயே கெர்னல் பெயர் கொடுக்கிறது. காலி இடத்துக்கு இனி ஒதுக்கீடு கிடையாது. 0203 இல்லாததால் 0204 ஓர் எழுத்து முன்னால் வந்து டாஸ்ட்-டி ஆகிவிடும், பின்னால் உள்ளவையும் ஒவ்வொன்றாக நகரும். முன்னால் 0150 என்று புதிதாக ஒரு மினிடிஸ்க் (டிஸ்கின் ஒரு பகுதியைத் தனி டிஸ்காகக் காட்டுவது) சேர்த்தாலும் இதே கதைதான், ஆனால் எதிர்த்திசையில். பெரும்பாலும் எண் வரிசையிலேயே பெயர் வந்துவிடுவதால் இது நிலையானது என்ற தோற்றம் ஏற்படும். அப்படி எந்த உறுதியும் இல்லை.

இனி அந்த நான்கு வகைகள். டாஸ்டியைப் பொறுத்தவரை என் தேர்வு பை-பாத். டெவ் அடைவில் டிஸ்க் என்பதற்குள் பை-பாத் என்ற துணை அடைவு இருக்கும். அதில் சிசிடபிள்யூ-0.0.0200 என்பது முழு டிஸ்க், அதோடு “-பார்ட்1” சேர்ந்தால் முதல் பகுதி. இந்தப் பெயர் டிஸ்கின் சாதன எண்ணிலிருந்தே பிறக்கிறது. இசட்/விஎம் என்ற மெய்நிகராக்க மென்பொருளில், விருந்தினருக்கான (அதன்மேல் ஓடும் மெய்நிகர் கணினிக்கான) டைரக்டரி பதிவில் 0200 என்று எழுதியிருக்கும்வரை கெர்னல் எதுவானாலும், விநியோகம் எதுவானாலும் பெயர் அசையாது.

பை-ஐடி பார்வைக்கு இதைவிடத் துல்லியமாகத் தெரியும். தயாரிப்பாளர், சேமிப்புப் பெட்டியின் வரிசை எண், அதற்குள் டிஸ்கின் முகவரி என்று எல்லாம் அதில் அடங்கும். அந்தத் துல்லியமே வினையாகிறது. பேரிடர் மீட்பு மையத்தில் நகல் டிஸ்கிலிருந்து பூட் செய்தால் சேமிப்புப் பெட்டி வேறு, ஆகவே பெயரும் வேறு. சேமிப்புப் பெட்டியே நொடியில் எடுக்கும் ஃபிளாஷ்காப்பி நகலிலும் இதே நிலைதான். ஒரு காலத்தில் சூசே நிறுவி பை-ஐடியையே இயல்பாக எழுதி வைத்தது. அந்தக் காலத்து எஃப்எஸ்டாப் இன்னும் பல இடங்களில் கைமாறிக்கொண்டே வருகிறது.

பை-யூயூஐடி கோப்பமைப்புக்குள் எழுதப்பட்ட அடையாளம். தனி டிஸ்குக்கு நல்லது. நகல் எடுத்த டிஸ்கை அதே விருந்தினரோடு இணைத்தால் ஒரே அடையாளத்தில் இரண்டு டிஸ்க் நிற்கும், எது மவுண்ட் ஆகும் என்று சொல்ல முடியாது. நான்காவது வகையான பை-லேபிளுக்கும் இதே குறை உண்டு. இசட்/விஎம் நினைவகத்தில் உருவாக்கித் தரும் தற்காலிக டிஸ்கான விடிஸ்கில் வைக்கும் ஸ்வாப்புக்கோ யூயூஐடி அறவே உதவாது. விருந்தினர் லாக்ஆஃப் ஆனதும் விடிஸ்க் மறைந்துவிடும், அடுத்த முறை வெறுமையாக வந்து புதிதாக ஸ்வாப் குறியிடப்படும், அடையாளமும் புதிதாகும். அப்கிரேடுக்குப் பின் பூட் 90 விநாடி சும்மா நின்று பிறகு நகர்ந்தால், பழைய ஸ்வாப் யூயூஐடிக்காக, பூட்டை நடத்தும் சிஸ்டம்டி காத்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அந்த 90 விநாடி அதன் இயல்பான காத்திருப்பு நேரம். ஸ்வாப் வரியை பை-பாத்துக்கு மாற்றுவதோடு, கெர்னல் வரியில் “ரெஸ்யூம்=” (உறக்கநிலையிலிருந்து மீளும் டிஸ்க்) இருந்தால் அதையும் திருத்துங்கள்.

சிஎச்-இசட்டெவ் கருவிக்கு வருவோம். “சிஎச்-இசட்டெவ் -இ டாஸ்ட்-எக்கேடி 0.0.0200” என்ற ஒரே கட்டளை டிஸ்கை இப்போதே ஆன்லைன் ஆக்குகிறது, அடுத்த பூட்டுக்கும் விதி எழுதி வைக்கிறது. இப்போதைக்கு மட்டும் என்றால் -ஏ, அடுத்த பூட்டுக்கு மட்டும் என்றால் -பி. எழுதப்படும் விதிக்கோப்பு யூடெவ் விதிகள் அடைவில் 41-டாஸ்ட்-எக்கேடி-0.0.0200 என்ற பெயரில் இருக்கும். எல்எஸ்-இசட்டெவ் கொடுத்தால் சாதன வகை, எண், இப்போது ஆன்லைனா, நிரந்தரமாகப் பதிவானதா, தற்போதைய பெயர் என்ன என்று ஒரே அட்டவணையில் வந்துவிடும். “ஆன்” பத்தியில் ஆம் என்றும் “பெர்ஸ்” பத்தியில் இல்லை என்றும் உள்ள டிஸ்க் அடுத்த பூட்டில் காணாமல் போகக்கூடியது. அப்கிரேடுக்கு முன் இந்த ஒரு பத்தியைப் பார்த்தாலே பல இரவுகள் மிச்சமாகும். முழு அமைப்பையும் ஒரு கோப்பில் ஏற்றுமதி செய்து, வேறு விருந்தினரில் இறக்குமதி செய்யும் வசதியும் உண்டு. இது உண்மையிலேயே அருமையான வசதி.

குறைகளையும் சொல்ல வேண்டும். சூசேயின் பழைய டாஸ்ட்-கான்ஃபிகர் எழுதிய விதிக்கோப்புகள் 51 என்ற எண்ணில் தொடங்கும். அப்கிரேடுக்குப் பின்னும் அவை அங்கேயே கிடக்கலாம். சிஎச்-இசட்டெவ் தன் 41 கோப்புகளை மட்டுமே நிர்வகிக்கிறது. அதனால் -டி கொடுத்து நீக்கிய டிஸ்க், பழைய 51 கோப்பின் தயவால் அடுத்த பூட்டில் திரும்ப வந்து எழுத்து வரிசையைக் கலைக்கும். 41 கோப்பு இருப்பதை உறுதி செய்துகொண்டு 51-ஐ வேறிடத்துக்கு நகர்த்திவிடுங்கள். அடுத்தது, குறிப்பிட்ட சாதனங்களைக் கெர்னல் கண்டுகொள்ளாமல் விடச் செய்யும் சிஐஓ-இக்னோர். நிறுவி “எல்லாவற்றையும் புறக்கணி” என்று கெர்னல் வரியில் போட்டிருந்தால், டிஸ்க் இசட்/விஎம்மில் இருந்தும் லினக்ஸ் கண்ணில் படாது. “சிஐஓ-இக்னோர் -எல்” பட்டியலைக் காட்டும், “-ஆர்” தெரிவோடு எண்ணைக் கொடுத்தால் அது விடுபடும்.

மிகப் பெரிய இடறல் இனிட்ஆர்டி, அதாவது ரூட் டிஸ்க் கிடைக்கும்வரை பூட்டைத் தாங்கும் தற்காலிகக் கோப்பமைப்பு. ரூட் கோப்பமைப்பு அமர்ந்திருக்கும் டிஸ்குகளின் விதிகள் இனிட்ஆர்டிக்குள்ளும் இருக்க வேண்டும். ரூட், பல டிஸ்குகளை ஒரே தொகுதியாகச் சேர்க்கும் எல்விஎம்மில் இருந்து, அந்தத் தொகுதியில் புதிய டிஸ்கைச் சேர்த்துவிட்டு இனிட்ஆர்டியைப் புதுப்பிக்காமல் விட்டால், அடுத்த பூட்டில் தொகுதி முழுமையடையாமல் ரூட்டே கிடைக்காது. சிஎச்-இசட்டெவ் ரூட் டிஸ்கைத் தொடும்போது இதை நினைவூட்டுகிறது, ஆனால் எஃப்எஸ்டாப்பைக் கையால் திருத்தும்போது நினைவூட்ட யாரும் இல்லை. இனிட்ஆர்டியைப் புதிதாக உருவாக்கும் “டிராகட் -எஃப்” ஓட்டியதும், பூட் பதிவை எழுதும் இசட்ஐபிஎல் கட்டளையையும் கட்டாயம் ஓட்ட வேண்டும். இசட்ஐபிஎல் கோப்பின் பெயரை நினைவில் வைப்பதில்லை. கெர்னலும் இனிட்ஆர்டியும் டிஸ்கில் எந்தெந்த பிளாக்குகளில் உள்ளன என்பதைக் குறித்து வைக்கிறது. கோப்பைப் புதிதாக எழுதினால் பிளாக்குகள் மாறும், பூட் பதிவோ பழைய இடத்தையே காட்டிக்கொண்டிருக்கும். சூசே 12 முதல் கிரப்2 என்ற பூட் லோடரும் இருப்பதால் வேலை இரண்டு மடங்கு: பூட் அடைவுக்குள் இசட்ஐபிஎல் என்று தனியாக மவுண்ட் ஆகும் சிறு பகுதியில் முதல்கட்டக் கெர்னல் உள்ளது. எனவே கிரப்2 அமைப்பைப் புதுப்பித்ததோடு நில்லாமல் “கிரப்2-இன்ஸ்டால்” கட்டளையையும் ஓட்டுங்கள். ரெட் ஹாட் 8 முதல் கெர்னல் அளவுருக்கள் லோடர் பதிவுகளில் இருக்கும். அவற்றை கிரப்பி கட்டளை கொண்டு மாற்றி, பிறகு இசட்ஐபிஎல் ஓட்டுங்கள்.

நடைமுறை வரிசையில் ஒரு விஷயத்தை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்: பெயர் மாற்றத்தைப் பழைய பதிப்பிலேயே முடியுங்கள். எல்எஸ்-டாஸ்ட், எல்எஸ்-இசட்டெவ் இரண்டின் வெளியீட்டையும் விருந்தினருக்கு வெளியே சேமியுங்கள். ஈடிசி அடைவு முழுவதும் “டாஸ்ட்” என்ற சொல்லைத் தேடுங்கள். எஃப்எஸ்டாப்பும் இசட்ஐபிஎல் அமைப்பும் கண்ணில் பட்டுவிடும். எல்விஎம் வடிகட்டி வரி, மறையாக்கம் செய்த டிஸ்குகளைப் பட்டியலிடும் கிரிப்ட்டாப், பேக்கப் ஸ்கிரிப்டுகள், தரவுத்தளம் நேரடியாகப் பயன்படுத்தும் டிஸ்க் பெயர்கள் ஆகியவைதான் ஒளிந்திருப்பவை. எல்விஎம் தன் டிஸ்குகளை உள்ளே எழுதிய அடையாளத்தால் அறிவதால் பெயர் மாற்றம் அதற்குப் பொருட்டல்ல, ஆனால் வடிகட்டியில் பழைய பெயர் இருந்தால் டிஸ்கைப் பார்க்கவே மறுத்துவிடும். எல்லாவற்றையும் பை-பாத்துக்கு மாற்றி, இனிட்ஆர்டி, இசட்ஐபிஎல் முடித்து, ஒருமுறை பூட் செய்து பாருங்கள். அது தேறிய பிறகே அப்கிரேடு. இல்லையென்றால் எது கெட்டது, பெயரா பதிப்பா என்று பிரித்தறிய முடியாது.

எஃப்சிபி (ஃபைபர் சேனல்) வழி வரும் ஸ்கஸி டிஸ்குகளுக்கு பை-பாத் என்ற அறிவுரை பொருந்தாது. அங்கே ஒரே டிஸ்குக்குப் பல பாதைகள் உண்டு, பை-பாத் ஒரு பாதையை மட்டுமே குறிக்கும். பல பாதைகளை ஒரே டிஸ்காகக் காட்டும் மல்டிபாத் வைத்து, டபிள்யூடபிள்யூஐடி (டிஸ்கின் உலகளாவிய தனி அடையாளம்) அடிப்படையிலான பெயரைப் பயன்படுத்துங்கள். மேலும் இந்த பை-பாத் பெயரின் வடிவமே யூடெவ் பதிப்புகளுக்கிடையே மாறியிருக்கிறது. நடுவில் “இசட்எஃப்சிபி” என்றிருந்தது பின்னாளில் “எஃப்சி” ஆனது.

மாற்றத்துக்குப் பின் புதிய டிஸ்கை டாஸ்ட்ஃபார்மட் செய்யும்போது பழைய எழுத்துப் பெயரை நினைவிலிருந்து தட்டாதீர்கள். “எல்எஸ்-டாஸ்ட் 0.0.0200” என்று கொடுத்து, வரும் பெயரையும் அளவையும் சரிபாருங்கள். 3390 மாடல் 3 என்றால் 3339 சிலிண்டர், மாடல் 9 என்றால் 10017. டாஸ்ட்ஃபார்மட் ஒருமுறை உறுதி கேட்கும், ஸ்கிரிப்டில் -ஒய் போட்டிருந்தால் அதுவும் கேட்காது.

எமர்ஜென்சி மோடில் சிக்கிவிட்டால், 3215 வகை கன்சோல் வரிவரியாக மட்டுமே பேசும் என்பதை மறக்க வேண்டாம். முழுத்திரை எடிட்டரான விஐ அங்கே வேலைக்கு ஆகாது. ரூட்டை எழுதத்தக்கதாக மறுமவுண்ட் செய்து, எஃப்எஸ்டாப்பின் தவறான வரியை, திரை இல்லாமலே கோப்பைத் திருத்தும் செட் (sed) கட்டளையால் மாற்றுங்கள். பூட்டுக்கு இன்றியமையாத டிஸ்குகள் தவிர மற்ற வரிகளில், டிஸ்க் கிடைக்காவிட்டாலும் பூட்டைத் தொடரச் சொல்லும் “நோஃபெயில்” சேர்த்திருந்தால் இந்த நிலை வந்தே இருக்காது.