பென்னி வாசித்தால் இங்கே கட்டைகள் இறங்கும்

ஸ்டாக்ஹோமின் யூர்கோர்டன் தீவில், ஸ்வீடனின் பாப் இசைக்குழுவான ஆபாவுக்கு (ABBA) 2013இல் திறந்த அருங்காட்சியகம் இருக்கிறது. நான் அங்கே போனது ஒரு பியானோவுக்காக. மேடை உடைகள், தங்க இசைத்தட்டுகள், நாமும் ஏறிப் பாட மேடை எல்லாம் உண்டு. என் மகள் அந்த மேடையை விட்டு இறங்கவே இல்லை.

அந்தப் பியானோ முன்னால் யாரும் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். அதே ஊரில், ஆபாவில் பியானோ வாசித்த பென்னி ஆண்டர்சனுக்கு ஸ்டுடியோ இருக்கிறது. அங்கே அவர் தன் பியானோவை வாசித்தால், இங்கே இதுவும் தானாக வாசிக்கும். இரண்டையும் அப்படி இணைத்து வைத்திருக்கிறார்கள்.

முதல் சுற்றில் சத்தமே இல்லை. சரி, விக்ஸோ தீவில் பென்னியும் குழுவின் இன்னொருவரான பியோர்னும் பாட்டு எழுதிய சின்னக் குடிலை அப்படியே கட்டி வைத்திருக்கிறார்களே, அதைப் பார்க்கலாம் என்று போனேன். இவ்வளவு சின்ன இடமா என்று ஆச்சரியமாக இருந்தது. திரும்பி வரும்போது மகள் ஓடிவந்து கையை இழுத்தாள்.

"அம்மா, கட்டை தானா அமுங்குதும்மா!"

இடது பக்கம் மூன்று கட்டைகள் மெதுவாக இறங்கின. அப்புறம் வலது பக்கம் ஒரு சின்ன வரி. நின்றது. அதே வரி மறுபடி வந்தது, கடைசி சுரம் மட்டும் அரைப் படி கீழே. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. மூன்றாவது தடவை பழைய சுரத்துக்கே திரும்பியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. பன்னிரண்டு வருடமாகக் கீபோர்டு சொல்லிக்கொடுக்கிறேன். ஒருவர் சுரம் தேடுவதை இவ்வளவு பக்கத்தில் நின்று பார்த்ததில்லை. ஆறு வயதில் அக்கார்டியனை எடுத்து, அப்பாவிடமும் தாத்தாவிடமும் நாட்டுப்புற இசை கற்ற மனிதர் அவர். 1974இல் பிரைட்டனில் 'வாட்டர்லூ' பாடி யூரோவிஷன் பாட்டுப் போட்டியில் ஆபா ஜெயித்ததெல்லாம் அதற்குப் பிறகு.

கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டி வைத்த எத்தனையோ பிரபலங்களின் வாத்தியங்களைப் பார்த்திருக்கிறேன். அவற்றின் முன் நின்று படம் எடுத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். இதற்கு மட்டும் காது கொடுத்து நிற்க வேண்டும்.

7ஆம் எண் ட்ராம் பக்கத்திலேயே இறக்கிவிடும். அருங்காட்சியகத்தில் ரொக்கம் வாங்குவதில்லை, கார்டு கொண்டுபோங்கள். உள்ளே போனதும் ஒரு தடவை, கிளம்பும் முன் ஒரு தடவை பியானோ பக்கம் வந்து நில்லுங்கள். அவர் எப்போது உட்காருவார் என்று யாராலும் சொல்ல முடியாது.