டி.ஓ. என்றால் கண் டாக்டர்

மதுரையில் இருந்த மூன்று வாரத்தில் கல்யாணம், பத்திரம், பாங்க் வேலை எல்லாமே நல்லபடியாக முடிந்தன. அதில் எழுத ஒன்றுமில்லை. ஒரு ஸ்கேன் சென்டரில் ஒரு காலைப்பொழுது முழுக்க இரண்டே எழுத்துக்காக மல்லுக்கட்டிய கதையைத்தான் சொல்லியாக வேண்டும்.

மிச்சிகனில் எனக்கு ஆறு மாதமாக இடுப்புவலி. எம்.ஆர்.ஐ. எடுக்க இன்சூரன்ஸில் ஒப்புதல் தராமல் இழுத்தடித்தார்கள். ஊருக்குப் போகிறவர்தானே, அங்கேயே எடுத்து வாருங்கள் என்று என் டாக்டரே எழுதிக் கொடுத்தார். பெயருக்குப் பின்னால் டி.ஓ. என்று இருந்தது.

கவுண்டர் பெண் காகிதத்தை இரண்டு தரம் திருப்பிப் பார்த்தாள். "சார், இவர் கண் டாக்டராச்சே. முதுகுக்கு எப்படி எழுதியிருக்காரு?"

அவள் மேல் தப்பில்லை. நம்மூரில் டி.ஓ. என்றால் எம்.பி.பி.எஸ். முடித்துவிட்டுக் கண் மருத்துவத்தில் வாங்கும் டிப்ளமா. "இது ஆஸ்டியோபதிம்மா. எலும்பு, தசையைக் கையால சரிபண்றதுல ஆரம்பிச்ச வைத்தியம்" என்றேன்.

"ஹோமியோபதி மாதிரியா சார்?"

"இல்லம்மா. சர்க்கரை, பிரஷர், ஆபரேஷன், எல்லாமே பார்ப்பாங்க."

"அப்ப எம்.பி.பி.எஸ். எங்க சார்?"

அமெரிக்காவில் அப்படி ஒரு பட்டமே தருவதில்லை, எம்.டி. படித்தும் டாக்டராகலாம், டி.ஓ. படித்தும் ஆகலாம் என்பதைக் கவுண்டரில் நின்று விளக்குவது லேசில்லை. பின்னால் டோக்கனோடு இருபது பேர். 2020-ல் ட்ரம்புக்குக் கொரோனா வந்தபோது ஆஸ்பத்திரி வாசலில் பேட்டி கொடுத்த அவருடைய டாக்டர் ஷான் கான்லி டி.ஓ.தான் என்றும் சொல்லிப் பார்த்தேன். "கம்ப்யூட்டர் எடுக்காது சார்" என்று முடித்துவிட்டாள்.

கூட வந்த சித்தப்பா வேறு, "எலும்புன்னா... புத்தூர்க்கட்டு போடுறவராடா?" என்று கேட்டுவிட்டார். எரிச்சலாக வந்தது. ஆனால் அவர் கேட்டதில் பாதி உண்மை. 1874-ல் இந்த முறையைத் தொடங்கிய ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில், ஆரம்பத்தில் ஊர் ஊராகப் போய் 'மின்னல் வேக எலும்பு வைத்தியர்' என்று விளம்பரம் செய்துகொண்டவர்தான். 1892-ல் மிசௌரி மாநிலத்தின் கிர்க்ஸ்வில்லில் பள்ளிக்கூடம் வைத்தார். அவர் வழி வந்தவர்களை முழு டாக்டராக எல்லா மாநிலமும் ஏற்க 1973 ஆகிவிட்டது. கடைசியாக இறங்கி வந்தது மிசிசிப்பி. கலிஃபோர்னியா கூத்து இன்னும் மோசம். 1962-ல் 65 டாலர் கட்டினால் டி.ஓ.வை எம்.டி. ஆக்கிக் கொடுத்தார்கள். ஒரே ராத்திரியில் அறிவு ஏறிவிட்டது போலிருக்கிறது! லண்டன் பக்கம் போனால் ஆஸ்டியோபாத் என்பவர் டாக்டரே இல்லை, கையால் நீவிச் சரிசெய்பவர். அமெரிக்காவே நூறு வருஷம் குழம்பிய விஷயத்தில் அந்தப் பெண்ணை என்ன சொல்வது?

முன்பெல்லாம் மாடிப்படிக்குக் கீழே லேப் வைத்திருந்தவர், "வாத்தியார் பையனா, உட்காருப்பா" என்று சொல்லி ஊசியை எடுத்துவிடுவார். சீட்டாவது ஒன்றாவது. இப்போது ஏசி, கண்ணாடிக் கதவு, கம்ப்யூட்டர்.

கடைசியில் அவளே இரக்கப்பட்டு வழி சொன்னாள். "பக்கத்து கிளினிக்ல ஒரு சீட்டு வாங்கிட்டு வந்துருங்க சார்."

போனால் வாசல் போர்டில் எம்.பி.பி.எஸ்., டி.ஓ. என்று போட்டிருந்தது. அசல் கண் டாக்டர். பெரியவர் சிரித்துக்கொண்டே முதுகு எம்.ஆர்.ஐ.க்கு இரண்டு வரி எழுதினார். "வந்ததுதான் வந்தீங்க" என்று கண்ணையும் சோதித்து, படிக்கக் கண்ணாடி போடச் சொன்னார். முந்நூறு ரூபாய். அதன் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்து சாயங்காலமே ஃபிலிம் கையில். அந்த வேகத்துக்கு அமெரிக்காவில் கோயில் கட்டிக் கும்பிடலாம்.

திரும்பி வந்து ரிப்போர்ட்டை என் டாக்டரிடம் நீட்டினேன். டிஸ்க்கைப் பார்க்கும் முன்பே, அனுப்பிய டாக்டர் பெயருக்குப் பக்கத்தில் இருந்ததைப் பார்த்து அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"அட, உங்க ஊர்லயும் எங்க ஆளுங்க இருக்காங்களா!"