புதைந்த கோரைப்பல்: ஈறைத் திறந்து விடுவதா, மூடித் தைப்பதா?

மேல் கோரைப்பல் அண்ணப் பக்கம் (மேல்வாய்ப் பக்கம்) புதைந்திருந்தால், அதை வரிசைக்குக் கொண்டுவர இரண்டு வழிகள். எதுவானாலும் கிளிப் போட்டு வரிசையில் இடத்தை முதலில் உண்டாக்க வேண்டும்.

திறந்த முறையில் பல்லை மூடிய ஈறையும் எலும்பையும் வெட்டி, மருந்துப் பொதி வைத்து ஏறத்தாழ 10 நாள் விடுவார்கள். சில பற்கள் தானாகவே இறங்கத் தொடங்கும். இழுப்பதற்காகப் பல்லில் ஒட்டும் பிராக்கெட் (சிறு பிடி) கழன்றாலும் நாற்காலியிலேயே மறுபடி ஒட்டிவிடலாம். பொதி சீக்கிரம் விழுந்தால் ஈறு திரும்ப மூடிக்கொள்ளும்.

மூடிய முறையில் ஈறு மடலைத் தூக்கி, பல்லில் மெல்லிய தங்கச் சங்கிலியை ஒட்டி, மடலைத் தைத்துவிடுவார்கள். சங்கிலியின் நுனி மட்டும் வெளியே தெரியும். 1–2 வாரத்தில் இழுக்கத் தொடங்கலாம். பலவீனம் ஒட்டில்தான்: ரத்தமோ எச்சிலோ பட்ட எனாமலில் பிடிப்பு நிற்காது. கழன்றால் இன்னோர் அறுவை சிகிச்சை!

அண்ணப் பக்கப் பல்லுக்கு எது சிறந்தது என்பதற்கு, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2017 மறுஆய்வு சான்று காணவில்லை. என் கணிப்பில், பல் ஈறுக்கு அருகிலேயே கிடந்தால் திறந்த முறை, ஆழமென்றால் மூடியது. உதட்டுப் பக்கம் உயரத்தில் இருக்கும் பல்லுக்கு வெறுமனே ஈறை வெட்டித் திறக்கவே கூடாது. உறுதியான ஈறு போய்ப் பல்லின் கழுத்து வெளித்தெரியும்.

இழுவிசை சுமார் 60 கிராம் போதும். பக்கத்து வெட்டுப்பல்லின் வேரை விட்டு விலக்கிய பிறகே வரிசைக்குக் கொண்டுவர வேண்டும். நேராக இழுத்தால் அந்த வேர் கரையக்கூடும்.