கொல்லி மலையா, கண்டிக்கோட்டையா? கைப்பிள்ளைக்காரர்களுக்கு ஓர் அலசல்

தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, திருவொற்றியூர் பக்கத்திலிருந்து மூன்று நாள் லீவுக்கு, சொந்தக் காரில், ஆறு வயதுக்குக் கீழே ஒன்றிரண்டு பிள்ளைகளோடு கிளம்புகிறவர்களுக்கு ஊட்டி தூரம், ஏலகிரி பார்த்துப் பார்த்துப் பழசு. மலைப்பாக ஏதாவது வேண்டும் என்றால் மிஞ்சுவது இரண்டு: நாமக்கல் மாவட்டத்துக் கொல்லி மலை, ஆந்திராவில் கடப்பா மாவட்டத்துக் கண்டிக்கோட்டை. இரண்டுமே ஏறக்குறைய 350 கிலோமீட்டர். டீசல் செலவிலும் ரூம் வாடகையிலும் பெரிய வித்தியாசமில்லை. அழகிலும் ஒன்றுக்கொன்று சளைத்ததில்லை. எங்கள் ஓட்டு கண்டிக்கோட்டைக்கு. காரணம் ஒன்றே ஒன்று, பிள்ளைகளின் வயிறு.

காரவள்ளி அடிவாரத்திலிருந்து கொல்லி மலை ஏற 70 கொண்டை ஊசி வளைவுகள். ஏற்காட்டுக்கு 20, ஏலகிரிக்கு 14 என்று வைத்துப் பார்த்தால் கணக்கு புரியும். உள்காது ‘திரும்புகிறோம்’ என்கிறது. முன்சீட்டின் முதுகையோ செல்போனையோ பார்த்துக்கொண்டிருக்கும் கண் ‘அசையவே இல்லை’ என்கிறது. இந்தச் சண்டையில்தான் குமட்டல் வருகிறது. இரண்டு வயதுக்குக் கீழே இது அபூர்வம். அதற்கு மேல் பன்னிரண்டு வயது வரை தாராளம். கொட்டாவி, முகம் வெளுப்பு, எச்சில் ஊறுவது, திடீர் மௌனம் ஆகியவை முன்னறிவிப்பு. பிள்ளை ‘அம்மா, ஒரு மாதிரி இருக்கு’ என்று சொல்லும்போது பெரும்பாலும் அரை நிமிடம்தான் பாக்கி.

அதையும் மீறிக் கொல்லி மலைதான் என்றால்: முள்ளுக்குறிச்சி வழியாக ஏறுங்கள், வளைவுகள் குறைவு. வாந்தி மருந்தைக் குழந்தை மருத்துவரிடம் எடை சொல்லிக் கேட்டு வாங்கி, அடிவாரத்துக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பே கொடுத்துவிட வேண்டும். வாந்தி தொடங்கிய பிறகு கொடுத்தால் மருந்தும் சேர்ந்து வெளியே வந்துவிடும். பால் வேண்டாம், பூரி வேண்டவே வேண்டாம். இரண்டு இட்லி, சர்க்கரை தொட்டு. பிள்ளையின் சீட்டை நடுவில் போட்டு, முன்கண்ணாடி வழியே ரோடு தெரிகிற உயரத்துக்குத் தூக்கி வையுங்கள். போன் கூடாது. ஏசியை அணைத்துக் கண்ணாடியை இறக்கி, பத்து வளைவுக்கு ஒருமுறை நிறுத்தி இறங்குங்கள். குரங்கு இல்லாத வளைவாகப் பார்த்து. இறங்கும்போது இரண்டாவது கியரிலேயே வர வேண்டும். பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் பாதி வழியில் சூடேறிக் கருகல் வாடை வரும், அந்த வாடைக்கே இன்னொரு ரவுண்டு வாந்தி.

மேலே போன பிறகும் ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். இறங்குவது விளையாட்டு. ஏறும்போது பதினைந்து கிலோ பிள்ளை இடுப்பில் இருக்கும். படி வேண்டாமென்றால் மாசிலா அருவியோடு திருப்திப்படலாம், ஆனால் அதற்கா அவ்வளவு வளைவு?

கண்டிக்கோட்டைப் பாதையில் இந்தத் தொல்லையே கிடையாது. மூலக்கடை, மாதவரம், ரெட்ஹில்ஸ், ஜனப்பன்சத்திரம், பெரியபாளையம், ஊத்துக்கோட்டை, நாகலாபுரம், புத்தூர் வழியாக ரேணிகுண்டா. அங்கிருந்து கோடூர், ராஜம்பேட்டை, கடப்பா, எர்ரகுண்ட்லா, ஜம்மலமடுகு. பிள்ளைகளோடு எட்டு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். காலை நாலரைக்குக் கிளம்பினால் கண்டெய்னர் லாரி வரிசையில் மாட்டாமல் மாதவரம் தாண்டலாம். சுருட்டப்பள்ளியில் பள்ளிகொண்ட சிவனைப் பார்த்துவிட்டு டிபன், ஒண்டிமிட்டா ராமர் கோயிலில் கால் நீட்டல். சாப்பாட்டுக்குப் பயப்பட வேண்டாம்: தெலுங்கில் ‘காரம் ஒத்து’ (காரம் வேண்டாம்) என்று சொல்லி, பப்பும் (பருப்பு) நெய்யும் சோற்றில் பிசைந்தால் எந்தப் பிள்ளையும் சாப்பிடும். டீசலை ஜம்மலமடுகிலேயே நிரப்பிவிடுங்கள்.

எர்ரமலைக் குன்றுகளைப் பெண்ணாறு அறுத்துக்கொண்டு போன பள்ளத்தாக்குதான் கண்டிக்கோட்டை. சிவந்த பாறை அடுக்கடுக்காக, செங்கல் அடுக்கியதுபோல் செங்குத்தாக நிற்கும். பெம்மசானி நாயக்கர்களின் கோட்டைக்குள் ரங்கநாதர் கோயில், மாதவராயர் கோயில், ஜாமியா மசூதி, தானியக் கிடங்கு எல்லாம் நடை தூரத்தில். இங்கே ஆபத்து வேறு வகை: பள்ளத்தாக்கின் விளிம்பில் கைப்பிடிக் கம்பி இல்லை. பாறைக்குப் பாறை தாண்டித்தான் விளிம்புக்குப் போக வேண்டும். ஒரு பிள்ளைக்கு ஒரு பெரியவர், கையை விடாமல். இரண்டு பேருக்கு ஒரே ஆள் என்றால் கோட்டையோடு நின்றுவிடுங்கள். செருப்பு வேண்டாம், ஷூ போதும். நிழல் அரிது, பாறை வெயிலைக் குடித்து வைத்துக்கொள்ளும். அதனால் அக்டோபர் முதல் பிப்ரவரி வரை மட்டுமே, அதுவும் காலை ஒன்பதுக்குள், மாலை நாலரைக்கு மேல். ஏப்ரல், மே பரீட்சை லீவுதான் கிடைக்கிறதென்றால் தயங்காமல் கொல்லி மலைக்கே போங்கள்.

நடுப்பகலுக்கு, ஏறக்குறைய 60 கிலோமீட்டரில், பேலம் குகை. மொத்தம் 3,229 மீட்டர், அதில் ஒன்றரை கிலோமீட்டர்தான் பார்க்க விடுகிறார்கள். கிணறு மாதிரியான வட்டப் பள்ளத்தில் படியிறங்கி உள்ளே போனால் சுண்ணாம்புக்கல் கூரை வண்ண விளக்கில் மின்னும். கடைசியில் 46 மீட்டர் ஆழத்தில் பாதாள கங்கை. குகை என்றதும் ஏசி மாதிரி இருக்கும் என்று நினைக்கிறார்கள். நேர்மாறு, புழுக்கத்தில் சட்டை நனையும். பருத்தி பனியன், ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில், இறங்குமுன் கழிப்பறை. தள்ளுவண்டி உதவாது. நான்கு வயதுக்கு மேல் குஷி. அதற்குக் கீழே சில பிள்ளைகள் குறுகலான இடத்தில் அலறிவிடும், எது அலறும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. கைக்குழந்தை என்றால் ஒருவர் மேலேயே மரத்தடியில் இருப்பது நல்லது.

திரும்பும் கணக்கும் உண்டு. கொல்லி மலையிலிருந்து ஞாயிறு சாயங்காலம் வந்தால் பெருங்களத்தூர் நெரிசலில் நின்று, பிறகு பைபாஸில் புழல் வரை வந்து வீடு சேர வேண்டும். புத்தூர் வழியாக வருகிறவர்களுக்கு ரெட்ஹில்ஸ் வந்தாலே வீடு வந்த மாதிரிதான். ஆடி ஞாயிறுகளில் மட்டும் பெரியபாளையத்தம்மன் கூட்டம் ரோட்டை அடைத்துவிடும். அன்றைக்கு ஊத்துக்கோட்டையிலிருந்து திருவள்ளூர் பக்கம் ஒதுங்கி வந்துவிடுங்கள்.