கிண்டிலா, காகிதமா?

தண்டையார்பேட்டையிலிருந்து தினமும் மெட்ரோவில் போகிற தம்பி கேட்டான்: “அண்ணே, மின்னூல் படிக்கிற கிண்டில் கருவி வாங்கவா, புத்தகமே போதுமா?”

செலவு: கிண்டிலுக்கு எடுத்த எடுப்பிலேயே ஆயிரக்கணக்கில் போகும். ஆனால் 1998 முதல் தமிழ் நூல்களை இணையத்தில் மின்னூலாகத் தரும் மதுரைத் திட்டத்தில் சங்க இலக்கியமே இலவசம். காகிதம் என்றால் மூர் மார்க்கெட்டில் பழசு கிடைக்கும்.

கண்: கிண்டிலின் மின்-மை (இ-இங்க்) திரை வெயிலிலும் தெளிவு. எழுத்தைப் பெரிதாக்கலாம். பக்கம் மாறும்போதுதான் திரை மின்சாரம் குடிக்கும். சார்ஜ் வாரக்கணக்கில் நிற்கும்.

உழைப்பு: கிண்டில் விழுந்தால் திரை போச்சு. புத்தகத்தைத் தட்டி எடுத்துக்கொள்ளலாம். அப்புறம், மழைத் தண்ணீர் வீட்டுக்குள் வந்தபோது என் கீழ்த்தட்டுப் புத்தகங்கள் ஊறி உப்பிப்போயின. அதனாலேயே நான் கிண்டில் கட்சி.

நின்றபடியே நாவல் படிப்பவருக்குக் கிண்டில். அடிக்கோடு, கணக்கு, படம் என்றால் காகிதம். தம்பி குரூப் 4 எழுதப்போகிறான்; சரி, காகிதமே வாங்கட்டும்.