கொல்லைப்புற டிவிஆருக்கு ஒரு குட்டி வைஃபை பெட்டி: மூன்று வருஷ அனுபவம்

தஞ்சாவூர்ப் பக்கத்துப் பாபநாசத்துக்கு அருகில் எங்கள் வீடு. தாத்தா கட்டிய நாட்டு ஓட்டு வீடு. சுவர் ஒவ்வொன்றும் ஒன்றரை அடி கனம். ஃபைபர் இணைப்பும் ரவுட்டரும் வாசல் ரேழியில் இருக்கின்றன. கேமரா காட்சிகளைப் பதிவு செய்யும் டிவிஆர் பெட்டியோ கடைசியில், நெல் மூட்டை அடுக்கும் அறையில். அதில் நெட்வொர்க் கேபிள் சொருகும் லேன் போர்ட் மட்டும்தான், வைஃபை கிடையாது. கூடத்தில் இருக்கும் பழைய செட்டாப் பாக்ஸும் அதே ரகம்.

முதலில் 35 மீட்டர் கேபிளை ஓட்டு மேலேயே இழுத்து டிவிஆரில் சொருகினோம். தை அறுவடை முடிந்தால் வயல் எலியெல்லாம் வீட்டுக்குக் குடிவந்துவிடும், டெல்டாக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இரண்டு இடத்தில் கடித்து வைத்தது. புதுக் கேபிள் போட்டோம். அடுத்த ஐப்பசியில் ஒரு ராத்திரி நல்ல இடி. எங்கள் வீட்டில் விழவில்லை, ஆனாலும் காலையில் பார்த்தால் ரவுட்டரில் ஒரு போர்ட்டும் டிவிஆரின் லேன் போர்ட்டும் செத்துக் கிடந்தன. வெளியில் நீளமாகக் கிடக்கும் செம்புக் கம்பிக்கு, பக்கத்தில் எங்காவது மின்னல் இறங்கினாலே போதும். போர்டு மாற்றிய செலவில் ஒரு மூட்டை நெல் போயிற்று.

அப்புறம்தான் வைஃபை யோசனை வந்தது. “யூஎஸ்பி டாங்கிள் ஒண்ணு சொருகுங்க சார், போதும்” என்றார் கடைக்காரர். சொருகினேன், ஒன்றும் நடக்கவில்லை. கம்ப்யூட்டரில் வேலை செய்யும் டாங்கிளுக்கு டிவிஆரில் டிரைவர், அதாவது அதை இயக்கும் மென்பொருள், இருக்காது. இந்தத் தவறை நிறையப் பேர் செய்கிறார்கள். வாங்க வேண்டியது கிளையன்ட் மோடு உள்ள குட்டி ரவுட்டர். அது வீட்டு வைஃபையைப் பிடித்துத் தன் லேன் போர்ட் வழியாகக் கொடுக்கும். டிவிஆருக்கு, தன்னிடம் கேபிள் வந்திருக்கிறது என்ற நினைப்பு மட்டும்தான். டிரைவர் எதுவும் வேண்டாம். உள்ளங்கையில் அடங்கும் பெட்டி, ஒரு அடி கேபிள், அவ்வளவுதான். ஒன்று நெல் அறைக்கு, ஒன்று கூடத்துக்கு என்று இரண்டு வாங்கினேன்.

வேகம்? அட்டையில் 300 எம்பிபிஎஸ் என்று போட்டிருந்தது. அதை நம்ப வேண்டாம். பெட்டியின் லேன் போர்ட்டே 100-க்கு மேல் போகாது. கூடத்தில் 40 கிடைக்கிறது, நெல் அறையில் 12 அல்லது 15. போன் மூலம் நான்கு கேமராவையும் பார்க்க 2 எம்பிபிஎஸ்ஸே ஏகம். வைஃபை அலைவரிசைகளில் கனமான சுவருக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ்தான் சரி. 5 கிகாஹெர்ட்ஸ் முற்றத்தைத் தாண்டுவதற்குள் மூச்சு வாங்கிவிடுகிறது. பெட்டியைத் தரையிலிருந்து எடுத்துப் பரணில், கதவு நிலைக்கு நேராக வைத்ததும் சிக்னல் இரண்டு கோடு ஏறியது.

தொல்லை வந்ததெல்லாம் கரண்டில்தான். கூடத்துப் பெட்டிக்கு செட்டாப் பாக்ஸின் யூஎஸ்பியிலிருந்தே மின்சாரம் கொடுத்திருந்தேன். பாக்ஸை அணைத்தால் இதுவும் அணையும். மறுபடி போட்டால் ஒரு நிமிஷம் காத்திருக்க வேண்டும். நடுநடுவே தானாகவும் விட்டுப்போகும், அந்தப் போர்ட் தரும் கரண்ட் பெட்டிக்குப் பற்றவில்லை. பழைய போன் சார்ஜரைப் போட்டதிலிருந்து சத்தமில்லை. நெல் அறைக் கதை வேறு. கரண்ட் போய் வந்தால் டிவிஆர் முதலில் எழுந்துகொள்ளும், ரேழி ரவுட்டர் எழ இரண்டு நிமிஷம் ஆகும். அதற்குள் டிவிஆர், நெட்வொர்க்கில் தனக்கான விலாசமான ஐபி முகவரியைக் கேட்டு ஓய்ந்துபோய் அப்படியே உட்கார்ந்துவிடும். கொல்லைக்குப் போய் அணைத்துப் போடுவது என் வேலையாகிவிட்டது. டிவிஆரில் நிலையான ஐபி ஒன்றைக் கையால் போட்டு, ரவுட்டரை இன்வெர்ட்டர் லைனுக்கு மாற்றினேன். அதோடு தீர்ந்தது. இணைப்பு போனாலும் டிவிஆரில் பதிவு நிற்காது, வெளியிலிருந்து பார்ப்பதுதான் போகும். அதனால் பயப்பட ஒன்றுமில்லை.

பேராசைப்பட்டு ஒரே பெட்டியில், ஒரு லேன் போர்ட்டைப் பலவாக்கும் சின்ன நெட்வொர்க் ஸ்விட்ச் வைத்து பிரிண்டரையும் சேர்த்துப் பார்த்தேன். ஒன்று வந்தால் மற்றது போனது. இப்படி வைஃபையில் போய்ச் சேரும் பெட்டி சாதாரணமாகத் தன் ஒரு முகவரியில்தான் பேசும். பின்னால் இருப்பவர்களுக்காகப் பேச சில பெட்டிகளுக்குத் தெரியும், என்னுடையதற்குத் தெரியவில்லை. பிரிண்டரை ரேழிக்கே கொண்டுபோய்விட்டேன்.

இன்னொன்று: வைஃபை பாஸ்வேர்டை மாற்றினால் இந்தப் பெட்டிக்கு யாரும் சொல்ல மாட்டார்கள். என் தம்பி ஊரிலிருந்து வந்தவன் மாற்றிவிட்டுப் போனான். பெட்டியின் அட்மின் பாஸ்வேர்டும் மறந்துபோயிருந்தது. அம்மாவின் ஊக்கு ஒன்றை வாங்கி, ரீசெட் ஓட்டையில் பத்து எண்ணும்வரை அழுத்தி, லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு மூட்டை மேல் உட்கார்ந்து முதலிலிருந்து எல்லாம் செய்தேன். இப்போது பாஸ்வேர்டை ஒரு சீட்டில் எழுதிப் பெட்டியின் அடியிலேயே ஒட்டியிருக்கிறேன்.

மூன்று ஐப்பசி தாண்டியாயிற்று, லேன் போர்ட் எதுவும் போகவில்லை. எலி மட்டும் விடவில்லை. கேமராவுக்குப் போகும் கோஆக்ஸ் கேபிளை இந்தத் தையில் பதம் பார்த்துவிட்டது. மூன்றாம் நம்பர் கேமரா நாலு நாளாகக் கறுப்பாகவே இருக்கிறது.