கம்பெனி மெயில் போட்டுத் தருகிறோம் என்று வருகிறவர்களிடம் கவனம்

சிங்கப்பூர் தேக்கா வட்டாரத்தில் கடை வைத்திருப்பவர்கள் அவசியம் படியுங்கள். கம்பெனி பெயரில் மெயில், கூடவே ஒரு வெப்சைட், எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 600 வெள்ளி என்று ஒருவர் கடை கடையாக ஏறி இறங்குகிறார். பெயரைப் போடவில்லை, புகார் இன்னும் முடியவில்லை. என்ன நடந்தது என்பதை மட்டும் சொல்கிறேன்.

எங்களுடையது மளிகை மொத்த வியாபாரம். தீபாவளிக்கு அலுவலகங்களுக்குப் பலகாரக் கூடை போடுவதுதான் ஆண்டின் பெரிய வரவு, ஆர்டரெல்லாம் மெயிலில் வரும். போன தீபாவளிக்கு முன்னால் பெட்டி வெறிச்சோடிக் கிடந்தது. கடைசியில் ஒரு வாடிக்கையாளர் போன் செய்து, "கடையை மூடிட்டீங்களா? மெயில் திரும்பி வருதே" என்றார். திரும்பி வந்த செய்தியை வாட்ஸ்அப்பில் வாங்கிப் பார்த்தால் 5.2.2 என்ற எண். மெயில்பாக்ஸ் நிரம்பிவிட்டது என்பதற்கான குறியீடு அது. எங்களுக்கு மெயில் போட்டுத் தந்த அந்த ஆளிடம் கேட்டதற்கு, "அண்ணே, அது அவங்க சர்வர் கோளாறு" என்று சாதித்தார். "அன்லிமிடெட் மெயில்பாக்ஸ்" என்று அவர் விற்றது பெட்டிகளின் எண்ணிக்கையை மட்டும்தான். இடம் எல்லாப் பெட்டிகளுக்கும் சேர்த்தே 10 ஜிபி, வெப்சைட் படங்களும் அதற்குள். ஒப்பந்தத்தில் இந்த எண் எங்குமே இல்லை.

நாங்கள் அனுப்பியதும் ஒழுங்காகப் போய்ச் சேரவில்லை. விலைப்பட்டியல் பாதிப் பேருக்கு ஸ்பாமில் கிடந்தது. இதை நீங்களே சோதிக்கலாம். கம்பெனி மெயிலிலிருந்து உங்கள் சொந்த ஜிமெயிலுக்கு ஒன்று அனுப்பி, கணினியில் திறந்து, 'ஷோ ஒரிஜினல்' என்பதை அழுத்துங்கள். எஸ்பிஎஃப் (SPF), டிகேஐஎம் (DKIM) இரண்டுக்கும் எதிரே 'பாஸ்' என்று இருக்க வேண்டும். மெயில் உண்மையிலேயே உங்கள் கம்பெனியிலிருந்துதான் வந்தது என்று சரிபார்க்கும் முறைகள் இவை. எங்களுக்கு எஸ்பிஎஃப் 'ஃபெயில்', டிகேஐஎம் வரியே கிடையாது. சர்வரை மாற்றிய மனிதர் டிஎன்எஸ்ஸில், அதாவது எங்கள் மெயில் எந்தச் சர்வரிலிருந்து வரும் என்று சொல்லும் பதிவில், பழைய சர்வரின் ஐபி எண்ணையே விட்டுவைத்திருக்கிறார். 2024 பிப்ரவரி முதல் ஜிமெயிலுக்கு அனுப்புகிற எவருக்கும் இவற்றில் ஒன்றாவது இருக்க வேண்டும் என்று கூகுள் விதியே போட்டிருக்கிறது. காசு வாங்கிக்கொண்டு மெயில் போடுகிறவருக்கு இது தெரியாதா?

இதைவிடப் பயந்தது வேறு ஒரு விஷயத்துக்கு. விற்பனையில் இருந்த பையன் வேலையை விட்டுப் போனதும் அவன் பெட்டியை மூடச் சொன்னேன். அட்மின் லாகின் எங்களிடம் கிடையாது. கேட்டபோதெல்லாம் "உங்களுக்கு எதுக்குண்ணே அந்தத் தலைவலி" என்று தட்டிக்கழித்துவிட்டார். ஒரு பாஸ்வேர்டு மாற்றவும் 30 வெள்ளி பில். மூடியாச்சு என்றார், பில்லும் வந்தது. பல மாதம் கழித்து அந்தப் பையனே, நல்லவன், கூப்பிட்டு, "அண்ணே, உங்க ஆர்டர் மெயில் இன்னும் என் போன்ல வருது" என்றான். பெட்டி மூடப்படவே இல்லை, பாஸ்வேர்டும் பழையதே. அதோடு எல்லாப் பெட்டிக்கும் கடைப் பெயரும் 123-உம்தான் பாஸ்வேர்டு. ஊழியர்களின் பாஸ்போர்ட் நகல், வொர்க் பர்மிட் தாள்கள் எல்லாம் அந்தச் சர்வரில்தான். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டப்படி, வேலையை வெளியாளிடம் கொடுத்திருந்தாலும் பொறுப்பு நம்முடையதே. அவர் கைவிரித்துவிடலாம், நாம் முடியாது.

போதும் என்று வேறு இடத்துக்கு மாறப் போனபோதுதான் உண்மையான பூதம் கிளம்பியது. மெயிலுக்கும் வெப்சைட்டுக்கும் அடிப்படையான, எங்கள் கடைப் பெயரிலுள்ள டாட் காம் டாட் எஸ்ஜி இணைய முகவரி (டொமைன்) எங்களுடையதே இல்லை. எஸ்ஜி முகவரிகளை நிர்வகிக்கும் எஸ்ஜிநிக் (SGNIC) தளத்தில், முகவரி யார் பெயரில் இருக்கிறது என்று காட்டும் ஹூயிஸ் (WHOIS) தேடலில் போட்டால் உரிமையாளர் என்று அவருடைய நிறுவனத்தின் பெயர் நிற்கிறது. மாற்றித் தர 1,500 வெள்ளி கேட்டார். கடைக்கு வாடகை கட்டுவது நான், பத்திரமும் சாவியும் அவர் பையில் என்ற கதை.

ஏற்கெனவே இப்படி வாங்கியிருப்பவர்கள் இன்றே அந்த ஹூயிஸ் தேடலைப் போட்டுப் பாருங்கள், இலவசம்தான். இன்னொரு அடையாளமும் உண்டு. எஸ்ஜி முகவரி ஒன்றைப் பதிவு செய்தால், அதற்கு நிர்வாகத் தொடர்பாளராகப் பெயர் கொடுக்கப்பட்டவர் 21 நாளுக்குள் சிங்பாஸ் (அரசின் மின்னிலக்க அடையாளம்) மூலம் தன்னை உறுதிசெய்ய வேண்டும், இல்லையென்றால் முகவரி முடக்கப்படும். சிங்பாஸைத் திறக்கச் சொல்லி உங்களிடம் யாரும் கேட்கவே இல்லை, ஆனால் முகவரி ஓடுகிறது என்றால், அவர் தன் சிங்பாஸில் முடித்துக்கொண்டார் என்று பொருள். புதிதாக வாங்குபவர்கள் முகவரியைத் தாங்களே ஒரு பதிவு நிறுவனத்தில் கம்பெனி பெயரில் வாங்கிவிட்டு, மெயில் வேலையை மட்டும் வெளியே கொடுங்கள். அட்மின் லாகின் கைக்கு வராமல் முழுப் பணம் கட்டாதீர்கள்.

நான் சிறு கோரிக்கை நடுவர் மன்றத்தில் மனு போட்டிருக்கிறேன். அங்கே 20,000 வெள்ளி வரை கேட்கலாம், சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும், வக்கீல் வைக்க முடியாது என்பதால் அந்தச் செலவு இல்லை. பணம் வருமா என்பது அப்புறம்.

இதற்கிடையில் புது முகவரிக்கு மாறிவிட்டோம். பழைய முகவரிக்கு வருவது இன்னும் அவர் சர்வருக்குத்தான் போகிறது. அதனால் எங்கள் வாடிக்கையாளர் யாராவது இதைப் படித்தால், "வங்கிக் கணக்கு மாறிவிட்டது" என்று அந்த முகவரியிலிருந்து மெயில் வந்தால் பணம் அனுப்பாதீர்கள். கடை எண்ணுக்குக் கூப்பிட்டுக் கேளுங்கள். மோசடி போலத் தெரிந்தால் மோசடி உதவி எண் 1799-க்குப் பேசுங்கள்.